லூவ்ர்: செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் நேரமே காட்டவில்லை

டிக்கெட் தீர்ந்துபோகவில்லை. செவ்வாய்க்கிழமை பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை, அதனால்தான் அன்றைக்கு ஒரு நேரமும் வரவில்லை. நாட்காட்டியைப் புதனுக்குத் தள்ளிப் பாருங்கள். நேரங்கள் வந்தால் காரணம் இதுதான். புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும்.

பாரிஸில் உங்களுக்கு இருப்பது செவ்வாய் மட்டும் என்றால் ஒர்சே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதற்குத் திங்கள்தான் விடுமுறை. 1900இல் ரயில் நிலையமாகத் திறந்த கட்டடம் அது. ஐந்தாம் தளத்தில் பழைய கடிகாரக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால், பெரிய முட்களுக்கு இடையே சேன் ஆறும், தூரத்தில் மோன்மார்த்ர் குன்றின் வெள்ளைத் தேவாலயமும் தெரியும். அதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், சோழர் கால நடராஜர் இருக்கும் கிமே அருங்காட்சியகமும் செவ்வாயன்று மூடியிருக்கும். அதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.