நர்ஸம்மா பதில்கள்: சத்து மாத்திரையைக் காட்டிக்கொடுத்த வாண்டு

(திண்டுக்கல் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், தாய்மார்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகளுக்கு இரண்டு மாதம் ஆகப்போகிறது. பகலெல்லாம் தூக்கம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கண்ணை விரித்துக்கொண்டு கைகாலை ஆட்டிச் சிரிக்கிறாள். இது மாறுமா?
— வாசகி, தேனி

மாறும். வயிற்றில் இருந்தபோது பகலில் நீங்கள் நடமாடிய ஆட்டத்தில் அவள் தூங்கினாள். நீங்கள் படுத்ததும் உதைக்க ஆரம்பித்தாள். இன்னும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறாள். பகல் எது, இரவு எது என்று உடம்புக்குப் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குக்கர் விசிலடித்தால் அடிக்கட்டும். ராத்திரி பால் கொடுக்கும்போது வெளிச்சத்தைக் குறைத்து, பேச்சுக் கொடுக்காமல் படுக்க வைத்துவிடுங்கள்.

முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒன்றரை மாதத்தை ஒட்டித்தான் வரும். என் மூத்தவன் அதை முதலில் கொடுத்தது ஓடுகிற மின்விசிறிக்கு. ஒரு ராத்திரி கரண்ட் போய் விசிறி நின்றது. அரிக்கேன் வெளிச்சத்தில் விசிறியைத் தேடிய கண் என் முகத்தில் வந்து நின்றது, வாய்கொள்ளாமல் சிரித்தான். வியர்வை, கொசு, விடிந்தால் டியூட்டி எல்லாம் இருந்தது. அந்த ராத்திரியை நான் எதற்கும் கொடுக்க மாட்டேன். அதனால், பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று மேலே சொன்னதை எப்போதாவது ஒரு நாள் மீறிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வயது மகன். வாங்கிய பொம்மை எதையும் தொடுவதில்லை. நாள் முழுக்க அடுப்படிச் சாமானோடுதான் விளையாட்டு.
— வாசகி, காரைக்குடி

விளையாடட்டும். ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு எடுப்பது இந்த வயதின் பெரிய படிப்பு. வண்டிச் சாவியைக் காணோம் என்றால் முதலில் அரிசி டப்பாவில் பாருங்கள். கீழ்த்தட்டில் கிண்ணம், மூடி, உழக்கு இருக்கட்டும். பினாயில், மண்ணெண்ணெய், மாத்திரை, வட்ட பேட்டரி, காசு, நிலக்கடலை இவையெல்லாம் கை எட்டாத உயரத்துக்குப் போய்விட வேண்டும். இதில் மட்டும் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

நாலு வயது மகள் வீட்டில் நடப்பதையெல்லாம் வெளியே சொல்லிவிடுகிறாள். விருந்தாளியிடம், "நீங்க எப்ப போவீங்கன்னு அம்மா அப்பாகிட்ட கேட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். தலைகுனிவாக இருக்கிறது.
— வாசகி, திருப்பூர்

திட்டாதீர்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிரிக்கும் புத்தி அந்த வயதில் இப்போதுதான் முளைவிடுகிறது. அவள் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை, கேட்டதைப் பெருமையாக ஒப்பித்திருக்கிறாள்.

இந்த வாய் ஒரு தாயைக் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெண். ரத்த அளவு, அதாவது ஹீமோகுளோபின், ஒன்பதுக்குக் கீழேயே நின்றது. கர்ப்பத்தில் 180 நாளுக்குச் சத்து மாத்திரை கொடுக்கிறோம். "தினமும் சாப்பிடுறேம்மா" என்பாள். மாத்திரை அட்டையும் காலியாகத்தான் இருக்கும். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மூத்த வாண்டு என் பையைப் பிடித்து இழுத்து, "நர்ஸம்மா, எங்கம்மா செடிக்கு மாத்திரை குடுக்குறாங்க" என்றது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியது. கொல்லையில் கனகாம்பரம் தூரில் சிவப்புச் சிவப்பாக, பாதி கரைந்த மாத்திரைகள்.

அந்தப் பெண் முதலில் மகளை முறைத்தாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். சின்னது, தான் ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டதென்று தெரிந்து கையைத் தட்டியது. சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: மாத்திரை போட்டால் குமட்டல், மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயம். இரும்புச்சத்துக்கு மலம் கறுப்பது சகஜம். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள், கூட எலுமிச்சைச் சாறு குடி, டீயோ பாலோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையோ அதோடு சேர்க்காதே என்றேன். தினமும் ராத்திரி மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மகளின் வேலை என்று ஏற்பாடானது. அதைவிடக் கறாரான நர்ஸை நான் பார்த்ததில்லை. பிரசவத்துக்குள் ரத்தம் நன்றாக ஏறிவிட்டது.

உங்கள் விருந்தாளியும் வீட்டுக்குப் போய்ச் சிரித்திருப்பார். விடுங்கள்.

குழந்தை பிறந்து நாற்பது நாள். எல்லாரும் சந்தோஷமா என்று கேட்கிறார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது. நான் நல்ல தாய் இல்லையா?
— பெயர் வேண்டாம், சேலம்

நீங்கள் நல்ல தாய்தான், தங்கம். உடம்பு சரியில்லாத தாய். பிரசவமானதும் உடம்பின் சுரப்புகள் மளமளவென்று இறங்குவதால் முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது ரொம்பப் பேருக்கு உண்டு. அதையும் தாண்டி நீடிக்கிறது என்றால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால், டாக்டரைப் பார்க்க வேண்டும். குணமாகக்கூடிய நோய் இது. 14416 என்ற டெலி மனாஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று ஓர் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தோஷம் சிலருக்குத் தாமதமாக வரும். இப்போது வரவில்லை என்று பிள்ளை உங்களிடம் கணக்குக் கேட்காது.

மனைவிக்குப் பிரசவமாகி ஒரு மாதம். பால் கொடுப்பது அவள் வேலை. அப்பாவாக நான் என்னதான் செய்வது?
— வாசகர், தஞ்சாவூர்

பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வர வையுங்கள். துணி மாற்றுங்கள். அவள் ஒரு வாய் சோறு சூடாகச் சாப்பிடும் வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடங்கள். பார்க்க வருகிறவர்களை, "இப்பத்தான் தூங்குறா, அப்புறம் வாங்க" என்று அனுப்புங்கள்.

முக்கியமாக, ஒன்றரை மாத ஊசிக்கு நீங்களும் போங்கள். பிள்ளை வீறிடுவதற்கு முன்பே அழுதுவிட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். மீசையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைக்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம், நர்ஸ் கொடுத்த சொட்டு மருந்தை அவர் சொன்ன அளவில் கொடுங்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது இனி உங்கள் பொறுப்பு. அடுத்தது இரண்டரை மாத ஊசி, அதுவும் தடுப்பூசி போடும் ஒரு புதன்கிழமைதான். லீவு இப்போதே சொல்லி வையுங்கள்.