மாடியில் தக்காளி: விதை போடலாமா, நாற்று வாங்கலாமா?

முதன்முறையாக மாடியில் தக்காளி வைக்கப் போகிறேன், ஆறு பைகள் தயாராக இருக்கின்றன, விதை போடவா, நாற்று வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். விதை போடுங்கள். புதியவர்களுக்கு நாற்றுதான் எளிது என்று பலர் சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் தொடங்கினேன்.

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழு ஆண்டுகளாகத் தக்காளி வைக்கிறேன். முதல் ஆண்டு சாலையோரம் செடி விற்பவரிடம் ஆறு நாற்றுகள் வாங்கி வந்தேன். ஒரு சாண் உயரம், நல்ல பச்சை, இரண்டில் மொட்டுகூட இருந்தது. மூன்றாவது வாரத்தில் நான்கு செடிகளின் கொழுந்து சுருங்கியது. இலைகள் கிண்ணம்போல் மேல்நோக்கி மடங்கி, ஓரம் மஞ்சளாகி, வளர்ச்சி அப்படியே நின்றுபோனது. வேப்பெண்ணெய் தெளித்தேன், புளித்த மோர் தெளித்தேன், உரத்தை மாற்றிப் பார்த்தேன். எதுவும் பயன்படவில்லை. அது இலைச்சுருள் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இளம் வயதில் தாக்கினால் காய்ப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

தொற்றிய பிறகு அறிகுறி வெளியே தெரிய இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே நான் வாங்கிய அன்றே அந்த நாற்றுகளுக்குள் நோய் இருந்திருக்கலாம். நான் செய்த எந்தப் பராமரிப்பும் அதைத் தடுத்திருக்காது. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது: நாற்று வாங்கும்போது நாம் வாங்குவது அந்தச் செடியின் முதல் 25 நாட்களை. அவை வலைக்குள் கழிந்தனவா, திறந்த வெளியில் மற்ற செடிகளின் வெள்ளை ஈக்களோடு கழிந்தனவா என்பது நமக்குத் தெரியாது.

நாற்று வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தக்காளி விவசாயிகள் நிழல்வலைக் கூடங்களில் குழித்தட்டில் (சிறு குழிகள் உள்ள நாற்றுத் தட்டில்) வளர்த்த நாற்றுகளை ஆயிரக்கணக்கில் வாங்கி நடுகிறார்கள். எந்த ரகம், எத்தனை நாள் நாற்று என்று கேட்டு வாங்குவார்கள். வேர் கலையாமல் தென்னை நார்க்கழிவோடு பெயர்ந்து வரும். உங்கள் ஊரில் அப்படி ஒரு நாற்றுப்பண்ணை இருந்து, பத்து நாற்று கொடுப்பார்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

இணையத்தில் நீங்கள் படித்த ஆலோசனைகளில் பல, குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. உறைபனி விலகுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வீட்டுக்குள் விளக்கு வைத்து, சூடு கொடுத்து நாற்று வளர்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு. அந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்று நாற்று வாங்குகிறார்கள். நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. விதை ஐந்து முதல் எட்டு நாட்களுக்குள் முளைத்துவிடும், 25 முதல் 30 நாட்களில் நடவுக்குத் தயாராகிவிடும். எங்கள் அம்மா பழத்தைப் பிழிந்து, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, பாத்திரம் கழுவும் இடத்துக்கு அருகே தூவிவிடுவார். எங்கள் வீட்டு ரசத்துக்கு அந்தச் செடிகளே போதுமாக இருந்தன.

இனி செய்முறை. தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. குழித்தட்டு இல்லாவிட்டால் அடியில் துளையிட்ட காகிதக் கப் போதும். கப்புக்கு இரண்டு விதை, அரை விரற்கடை ஆழம். முளைக்கும்வரை நிழல், முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஒருநாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி நீண்டுவிடும்.

கவனமாக இருக்க வேண்டிய ஆபத்துகள் இரண்டு. ஒன்று நாற்றழுகல். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்து கிடக்கும். மண்ணில் உள்ள பூஞ்சையும் நாம் ஊற்றும் அதிகத் தண்ணீரும் சேர்ந்து செய்யும் வேலை அது. மேல்மண் காய்ந்த பிறகு, காலையில் மட்டும் நீர் தெளியுங்கள். கலவையில் சிறிது டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்த்தால் இன்னும் நல்லது. மற்றொன்று வெள்ளை ஈ. 40 அல்லது 50 மெஷ் (ஓர் அங்குல நீளத்தில் அத்தனை கண்கள் உள்ள) பூச்சிவலை ஒரு மீட்டர் வாங்கி, கம்பி வளைவின்மேல் போர்த்தி, ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்திவிடுங்கள். சாதாரணக் கொசுவலை போதாது, இந்த ஈ அதன் கண்களில் நுழைந்துவிடும். முதல் நாளிலிருந்து நடவு நாள்வரை அந்த வலைக்குள்ளேயே இருக்கட்டும். என் மாடியில் இலைச்சுருள் பெருமளவு குறைந்தது இந்த ஒரு வேலைக்குப் பிறகுதான். நட்ட பின்னும் நோய் வரலாம். வந்த செடியைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதை வைத்துக்கொண்டிருந்தால் பக்கத்துச் செடிகளும் போய்விடும்.

நடும்போது அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதிவரை மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். தக்காளிக்கு மட்டும் நான் இதை எப்போதும் செய்கிறேன். கத்தரிக்கும் மிளகாய்க்கும் செய்வதில்லை.

விதை போடுவதில் இன்னொரு பெரிய வசதி, ரகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். செடி விற்பவரிடம் ரகம் கேட்டால் 'நாட்டுத் தக்காளி' அல்லது 'பெங்களூர்த் தக்காளி' என்ற பதிலுக்கு மேல் கிடைப்பது அரிது. பெரியகுளத்துப் பி.கே.எம். 1 என்ற ரகம், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது. தட்டையான உருண்டைக் காய், காம்படியில் பச்சை படர்ந்திருக்கும். இதன் விதையை எடுத்து வைத்து அடுத்த முறையும் போடலாம். நோய்க்கு அஞ்சினால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இருக்கிறது. இலைச்சுருள், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றுக்கும் எதிர்ப்புள்ள வீரிய ஒட்டு ரகம் (ஹைபிரிட்). ஆனால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்தால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. கடைத் தக்காளி விதையைப் போடுவதிலும் இதே சிக்கல்தான்: அவற்றில் பெரும்பாலானவை ஒட்டு ரகங்கள்.

நாற்றை நான் பரிந்துரைக்கும் நேரம் ஒன்று உண்டு. நான் கார்த்திகைத் தொடக்கத்தில் விதைத்து, மார்கழியில் நட்டு, மாசியில் பறிக்கத் தொடங்குகிறேன். நீங்கள் தை பிறந்த பிறகுதான் தொடங்குகிறீர்கள் என்றால் அந்த 25 நாட்கள் மிகவும் முக்கியமானவை. பங்குனி, சித்திரை வெயிலில், இரவும் தணியாத சூட்டில், பூக்கள் பிஞ்சாகாமல் கொட்டும். அப்போது நாற்றே வாங்குங்கள். என்னைப்போல் மொட்டைப் பார்த்து எடுக்காதீர்கள். சிறு கப்பில் பூவெடுத்த நாற்று வேருக்கு இடமில்லாமல் தவிக்கும் நாற்று. நான்கைந்து இலை, பருத்த குட்டைத் தண்டு உள்ளதாகப் பாருங்கள். இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள், செடியை லேசாகத் தட்டுங்கள். வெள்ளைத் தூசிபோல் ஏதாவது பறந்தால், அந்தக் கடையில் ஒன்றும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

ஆறு பைகளுக்குப் பத்துக் கப் விதையுங்கள். மிஞ்சும் நான்கு கப் நாற்றுகளைப் பத்து நாட்கள் வலைக்குள்ளேயே வைத்திருங்கள். நட்டதில் ஒன்றிரண்டு போனால் அந்த இடத்துக்கு அவை தேவைப்படும்.