எமல்சன் அடித்த கை ஸ்ப்ரே கன், கழுவி வைத்த பிறகும் துப்பித் துப்பி அடிக்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஹட்டன் பக்கம் லயத்து வீட்டுச் சீலிங்குக்கு எமல்சன் அடித்து, நொசிலை, அதாவது பெயின்ட் வெளியே வரும் முனையை, கழுவி வைத்து, மூன்று மாதம் கழித்து எடுத்தால் துப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சீலிங் என்றதுமே காரணம் பாதி விளங்கிவிட்டது. நொசிலை விடுங்கள். கன்னிலிருந்து, பெயின்ட் ஊற்றும் கோப்பையின் மூடிக்குப் போகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.

கறண்டில் ஓடும் இந்த வகைக் கன்னில் மோட்டார் காற்றின் பெரும்பகுதி நொசிலைச் சுற்றியுள்ள முன்மூடி வழியாகப் போய்ப் பெயின்டைச் சிதறடிக்கும். மீதிக் காற்று அந்த மெல்லிய குழாயால் கோப்பைக்குள் இறங்கி, பெயின்டை அழுத்தி மேலே ஏற்றும். பெரும்பாலான மாடல்களில் அந்த வழியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் இறப்பர் சவ்வு உண்டு. காற்றை உள்ளே விடும், பெயின்டைத் திரும்பி வர விடாது. கன்னை அண்ணாந்து பிடித்து அடிக்கும்போது பெயின்ட் அந்தச் சவ்வில் போய்ப் படியும். அது காய்ந்தால் சவ்வு ஒட்டிக்கொள்ளும். கோப்பையில் அழுத்தம் விட்டு விட்டு ஏறும், பெயின்டும் விட்டு விட்டு வரும். நொசிலை எத்தனை தரம் தேய்த்தாலும் இது மாறாது.

பிளக்கைக் கழற்றிவிட்டுச் சவ்வின் மூடியைத் திறந்து, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். காய்ந்த எமல்சன் விடாவிட்டால் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்ட சீலையால் துடைக்கலாம். லாக்கர் பெயின்டுக்குக் கலக்கும் என்.சி. தின்னரில் மட்டும் இறப்பரைப் போடாதீர்கள், ஊதிப்போய்ப் பிறகு அதன் இடத்தில் உட்காராது. கழுவிக் காய்ந்த சவ்வைத் திரும்பப் போட்டு, குழாயில் கன் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், உறிஞ்சினால் அடைபட வேண்டும். அப்படியென்றால் சவ்வு சரி.

அதற்குப் பிறகும் துப்பினால், கோப்பைக்குள் இறங்கிப் பெயின்டை ஏற்றும் உறிஞ்சு குழாய் இறுக்கமாக இருக்கிறதா, கோப்பையின் வாஷர் வெடித்திருக்கிறதா, பின்பக்கத்து ஸ்பொஞ்ச் ஃபில்டரில் பெயின்ட் தூள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரைக் கழுவினால் முழுக்கக் காயவிட்டே போடுங்கள். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினாலும் மோட்டார் வேகம் குறைந்து இதே கோளாறு காட்டும்.

இனி ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த அந்த நேரமே கழுவுங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அல்ல. மிச்சப் பெயின்டை வாளிக்குத் திருப்பி ஊற்றி, கோப்பையில் கால்வாசி தண்ணீர் விட்டுக் குலுக்கி, பழைய கார்ட்போர்டில் அடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை, அநேகமாக மூன்று தரம். பிறகு முன்மூடி, நொசில், குழாய்கள் எல்லாம் கழற்றிக் கழுவுங்கள். மோட்டார் பகுதியைத் தண்ணீரில் முக்கவே கூடாது. நொசில் துளைக்கு விளக்குமாற்று ஈர்க்கு போதும். குண்டூசி, கம்பி விட்டால் துளையின் விளிம்பு கீறுப்பட்டு, பெயின்ட் விசிறி போல் விரிவது ஒரு பக்கமாகச் சாயும்.

எனாமல் அடித்திருந்தால் தண்ணீருக்குப் பதில் மினரல் டர்பன்டைன். பெற்றோலையோ என்.சி. தின்னரையோ இந்தக் கன்னால் அடித்துக் கழுவாதீர்கள். மோட்டாரின் பொறி அந்த ஆவியில் பற்றிக்கொள்ளும். பெற்றோல் மலிவு என்று சொல்லும் ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள், கேட்காதீர்கள். கழுவிய டர்பன்டைனைக் கானில் ஊற்றவும் வேண்டாம். நம் பக்கம் லயத்துக் கான் ஓடைக்குத்தான் போகிறது, கீழே யாரோ அதில் குளிக்கிறார்கள். போத்தலில் அடைத்து ஒரு கிழமை வைத்தால் பெயின்ட் அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த தரம் முதல் கழுவலுக்கு எடுக்கலாம்.

நுவரெலியா, ஹட்டன் ஈரத்தில், கழுவிய கையோடு பெட்டியில் போட்டால் நொசிலுக்குள் இருக்கும் ஊசி துருப்பிடிக்கும். கழற்றியபடியே ஒரு இரவு குசினியில் அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக் காயவிட்டு, வாஷருக்கு மெல்லிசாக வேஸ்லின் பூசி, கோப்பையை இறுக்காமல் வையுங்கள்.

கம்ப்ரஷர் வைத்திருக்கும் பாஸ்மார் இதை விளையாட்டுச் சாமான் என்பார்கள். காரின் கதவுக்கு அவர்கள் சொல்வது சரி. சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் இந்தக் கன் தாராளமாகப் போதும். எனக்குக் கோபமெல்லாம் கடைக்காரர்கள் மேல்தான். அந்தச் சின்ன இறப்பரைக் கேட்டால், இல்லை, புதுக் கன் எடுங்கள் என்கிறார்கள். கூலி வேலை செய்கிறவர் ஒரு பொத்தான் அளவு சாமானுக்காக மிசினையே மாற்ற வேண்டுமா? இனி வாங்குகிறவர்கள் காசு கொடுக்குமுன் சவ்வும் வாஷரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் அன்றைக்கே இரண்டு செட் எடுத்து வையுங்கள்.