ஃபிரீசரில் ஏரி ஏன் உறைந்துவிட்டது?

வணக்கம் சகோதரி. சாட்ஸ்வொர்த்தில் உங்கள் மகள் பள்ளிக்காகச் செய்த மாதிரியில், பனிக்கட்டிக்கு அடியில் ஊற்றிய நீரும் ஒரே இரவில் உறைந்துபோனதாகவும், அப்படியானால் அண்டார்க்டிகாவில் பனிக்கு அடியில் இருக்கும் வொஸ்டொக் ஏரி மட்டும் எப்படி உறையாமல் இருக்கிறது என்று அவள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி. ஃபிரீசர் எல்லாப் பக்கமும் குளிரூட்டுகிறது. வொஸ்டொக் ஏரிக்கோ குளிர் மேலிருந்து மட்டுமே வருகிறது.

ஏரிக்கு மேலே பனிப்பரப்பில் உள்ள வொஸ்டொக் ஆய்வு நிலையத்தில் 1983-இல் மைனஸ் 89.2 பாகை செல்சியஸ் பதிவானது. ஆனாலும் ஏரியின் மேல் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தடிமனுக்குக் கிடக்கும் பனி, கனத்த கம்பளியைப் போல, பூமிக்குள்ளிருந்து மெல்லக் கசியும் வெப்பத்தை எளிதில் வெளியேற விடுவதில்லை. அதே பனியின் பாரம் நீரின் உறைநிலையையும் சுமார் மைனஸ் 3 பாகைக்கு இறக்கிவிடுகிறது. அடிப்பனி உருகுவது இதனால்தான். உருகிய நீர் பள்ளங்களில் சேர்கிறது. ஏரியின் ஒரு பக்கம் பனி உருக, மறுபக்கம் நீர் உறைந்து பனியின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

மாதிரிக்கு, நடுவில் குழிந்த அலுமினியத் தட்டில் ஐஸ் பாளத்தை வைத்து, தட்டை வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தின் மேல் வைத்து, பாளத்தைக் கம்பளியால் மூடுங்கள். மேற்புறம் கெட்டியாக இருக்கும்போதே குழியில் நீர் தேங்குவதை அவள் கண்ணால் பார்ப்பாள்.