சூதுபவளம் என்றால் என்ன? அதைக் கட்டினால் கண்ணேறு கழியுமா?

சூதுபவளம் என்பது சிவப்போ ஆரஞ்சோ கலந்த, வெளிச்சம் ஊடுருவும் ஒரு கல். குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்தது. அகழாய்வு நடந்த கீழடியிலும் கொடுமணலிலும் இதில் செய்த பழங்கால மணிகள் கிடைத்திருக்கின்றன.

சிவப்புக்குக் காரணம் கல்லுக்குள் இருக்கும் இரும்பு. மங்கலான கல்லை மெதுவாகச் சூடாக்கினால் நிறம் அடர்த்தியாகும். காருகுறிச்சியில் பானை சுடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: சூளைக்குள் மங்கலாகப் போகும் மண் சிவந்து வெளியே வருகிறது அல்லவா, அதே இரும்பு, அதே நெருப்பு. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் கல்லைச் சுட்டுத்தான் மணி செய்கிறார்கள். என்னைக் கேட்டால், நிறத்தைவிடத் துளைதான் அதிசயம். சாதாரணக் கத்தியால் கீற முடியாத கல்லில், அந்தக் காலத்திலேயே நூல் நுழையும் அளவுக்கு நேராக ஓட்டை போட்டிருக்கிறார்கள்!

சரி, நம்பிக்கைக்கு வருவோம். சிவப்பு ரத்தத்தின் நிறம், உயிரின் நிறம். அதனால் பல நாடுகளில் செந்நிறக் கல் காப்பாகக் கருதப்பட்டது. பழைய எகிப்தில் இறந்தவர்களுக்குக்கூட அணிவித்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஆச்சிமார் பிள்ளைக்குக் கருப்பு மணி கட்டுவதும் காப்புக்காகத்தான்: பார்க்கிறவர் கண் முதலில் மணியில் விழட்டும், பிள்ளை மேல் விழ வேண்டாம். கல்லுக்குள் அப்படி ஒரு சக்தி இருப்பதாக அறிவியல் காட்டவில்லை. ஆனால் கட்டிவிட்ட அம்மா அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவாள், அது உண்மை.

அப்புறம், பெயரை வைத்துப் பலரும் இதைச் செவ்வாய்க்கு அணியும் பவளம் என்றே நினைக்கிறார்கள். பவளம் கடலில் சிற்றுயிர்கள் கட்டும் கூடு. சூதுபவளம் நிலத்தில் கிடைக்கும் கல்.