குரோமோசோம் ரிப்போர்ட் நார்மல், அடுத்து என்ன? எபிஜெனெடிக்ஸ் (எழுத்து வரிசை மாறாமலே மரபணு இயங்குவதை மாற்றும் குறிகளின் இயல்) கேள்வி பதில்

கேள்வி (செந்தூலிலிருந்து ஒரு தாய்): ஐயா, மகளுக்கு இரண்டு வயது. ஒன்றரை வயதில் பேசிய நாலைந்து சொல்லும் நின்றுபோய்விட்டது. எந்நேரமும் கையைப் பிசைகிறாள். குரோமோசோம் டெஸ்ட் நார்மல். மரபணுக் கோளாறு இல்லைதானே?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள் அம்மா. அந்த டெஸ்டில் பெரிய துண்டு குறைந்ததும் கூடியதும்தான் தெரியும். பெண் குழந்தை, வந்த பேச்சு போனது, கை பிசைவது: மூன்றும் சேர்ந்தால் ரெட் சிண்ட்ரோமா (மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணு நோய்) என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் காரணமான எம்இசிபி2 மரபணுவின் எழுத்து வரிசையைப் படிக்கும் டெஸ்ட், அதில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ, இரண்டையும் கேளுங்கள். முதலாவதை மட்டும் செய்தால் பெரிய விடுபாடு கண்ணில் படாமல் போகலாம். ரத்தம் ஊதா மூடி டியூபில் எடுக்க வேண்டும். குரோமோசோமுக்கு எடுக்கும் பச்சை மூடி டியூபில் ஹெப்பாரின் இருக்கும், அது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வேலையைக் கெடுக்கும்.

கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையின் மரபியல் பிரிவுக்குப் போகக் குழந்தை மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். கிளினிக்கில் தலைச் சுற்றளவு குறித்த குழந்தைப் புத்தகத்தையும், கை பிசைவதையும் விழித்திருக்கும்போது மூச்சுத் திணறுவதையும் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். தலை வளர்ச்சி மெதுவானது அந்தப் புத்தகத்தில்தான் தெரியும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ் மாணவர்): சார், ரெட் நோயில் மருத்துவ விஞ்ஞானி ஹுடா சோக்பியின் ஆய்வு ஏன் முக்கியம்?

பதில்: ரெட் நோய் குடும்பத்தில் தொடர்ந்து வருவது மிக அபூர்வம், பெரும்பாலும் புதிதாகவே தோன்றும். அதனால் குடும்ப வழியாக மரபணுவைத் தேடுவது கடினம். ஹூஸ்டன் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் சோக்பி 1983-ல் இந்த நோயுள்ள சிறுமியைப் பார்த்தார், 1999-ல் அவர் குழு எம்இசிபி2-வைப் பிடித்தது. மெத்தில் குறி (டிஎன்ஏமேல் ஒட்டியிருக்கும் சிறு ரசாயனக் குறி) உள்ள டிஎன்ஏவில் ஒட்டும், இந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை விஞ்ஞானி ஏட்ரியன் பேர்ட் குழு 1992-லேயே கண்டுபிடித்திருந்தது. ஆக, குறி இருக்கிறது, குறியைப் படிக்கும் புரதம் பழுது. 2007-ல் பேர்ட் குழு, நோய் முற்றிய எலிகளில் இந்த மரபணுவை மறுபடி இயக்கியது, பல அறிகுறிகள் தணிந்தன. இதைவிட நம்பிக்கை தரும் சோதனை இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் புரதம் இரட்டிப்பானாலும் நோய்தான், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. மரபணு சிகிச்சையில் அளவு பற்றி இவ்வளவு கவலைப்படுவது அதனால்தான்.

கேள்வி (பினாங்கு, ஜெலுத்தோங் லேப் ஊழியர்): அண்ணே, 15-ஆம் குரோமோசோமின் எஸ்என்ஆர்பிஎன் பகுதியில் மெத்தில் விகிதம் 0.67 வருகிறது. பிராடர்-வில்லி நோயா?

பதில்: தம்பி, அவசரப்படாதே. இந்தப் பகுதியில் அம்மாவின் பிரதியில் மட்டும்தான் மெத்தில் குறி இருக்கும், அதனால் நார்மல் 0.5. அப்பாவிடமிருந்து வரும் பிரதி இல்லாத பிராடர்-வில்லியில் 1, அம்மாவின் பிரதி இல்லாத ஏஞ்சல்மன் நோயில் 0. முதலில் என்சைம் சரியாக வெட்டியதா என்று காட்டும் கட்டுப்பாட்டு புரோப்களைப் பார். மெத்தில் குறி இல்லாத டிஎன்ஏவை வெட்டும் ஹா-1 என்சைம் போட்ட டியூபில் அவை மறைந்திருக்க வேண்டும். சிக்னல் இருந்தால் வெட்டு முழுமையாகவில்லை, டிஎன்ஏவில் உப்போ எத்தனாலோ மிச்சம் இருக்கலாம். சுத்தப்படுத்தி, அதே முறையில் எடுத்த மூன்று நார்மல் மாதிரிகளோடு மறுபடி ஓட்டு.

வெட்டு சரியென்றால் என்சைம் போடாத டியூபில் பிரதி எண்ணிக்கையைப் பார் (வழக்கமான இரண்டு பிரதி 1 என்று வரும்). அது 1.5 என்றால் அம்மா வழி 15q11-q13 பகுதி கூடுதலாக இருக்கிறது: மூன்றில் இரண்டு மெத்தில், அதுதான் 0.67. ஆட்டிசத்தோடு தொடர்புள்ள கோளாறு இது. எண்ணிக்கை 1 என்றே வந்தால் மொசைக்கை (சில செல்களில் மட்டும் மாற்றம் இருப்பதை) யோசி. இன்னொன்று, மெத்தில் நார்மல் என்று வந்தாலும் ஏஞ்சல்மன் இல்லை என்று எழுதிவிடாதே. ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்கு யூபிஇ3ஏ மரபணுவில்தான் பழுது, அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஃபோலேட் மாத்திரை பிள்ளையின் மெத்திலைச் சரிசெய்யும் என்று விற்கிறார்களே?

பதில்: வாங்காதீர்கள். கருத்தரிக்கும் முன்பிருந்து 12 வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் நரம்புக்குழாய்க் குறையை (கருவின் மூளையோ தண்டுவடமோ சரியாக மூடாத பிறவிக் குறை) தடுக்கும், அது நிரூபணமானது. பிறந்த பிள்ளையின் எம்இசிபி2 பழுதை அது தொடாது.

கேள்வி (செராஸ்): வலிப்புக்கு எபிலிம் சாப்பிடுகிறேன். பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள் தங்கச்சி, வலிப்பு கட்டுக்கடங்காமல் போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால் இந்த வால்புரோவேட் மருந்து, டிஎன்ஏ எதன்மேல் சுற்றியிருக்கிறதோ அந்த ஹிஸ்டோன் புரதங்களின் குறிகளை மாற்றும். கருவில் பட்டால் சுமார் 10-ல் ஒரு பிள்ளைக்குப் பிறவிக் குறை, 10-ல் மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சிக் குறை வரலாம். கருத்தடையைத் தொடர்ந்துகொண்டே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வேறு மருந்துக்கு மெதுவாக மாற்ற மாதங்கள் ஆகலாம்.