கொசு ஆராய்ச்சியில் சம்பளம் வருமா?

அன்புள்ள ஐயா,

மகள் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு "கொசு ஆராய்ச்சிதான்" என்று நிற்கிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் தாமதமாகக் கிடைக்கும்.

அவள் சொல்வது அநேகமாகப் புதுச்சேரி இந்திரா நகரில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமாக இருக்கும். கொசு மாதிரி நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் இடம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனம், 1975-இல் தொடங்கியது. வொல்பாகியா என்ற பாக்டீரியா உடலுக்குள் இருந்தால் ஏடிஸ் கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. அப்படிப்பட்ட கொசுக்களை 2022-இல் அங்கே உருவாக்கினார்கள். பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி.யும் உண்டு, பட்டம் தருவது புதுவைப் பல்கலைக்கழகம்.

வேலை எப்படி இருக்கும் என்று மகளுக்குத் தெரியுமா, கேளுங்கள். தட்டுத் தட்டாகக் கொசுப்புழு வளர்க்க வேண்டும். நாய் பிஸ்கட்டையும் ஈஸ்ட்டையும் பொடித்துத் தூவினால் ஒரு வாரத்தில் கூட்டுப்புழு ஆகிவிடும். அதைத் தினமும் பொறுக்கிக் கூண்டுக்கு மாற்றணும். கொசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. யானைக்கால் நோய் ஆய்வு என்றால் ராத்திரி வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ரத்தம் எடுக்கணும், ஏனென்றால் அந்தக் கிருமி இங்கே ராத்திரியில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும். இதைக் கேட்டும் கண் மின்னினால், அவளுக்கு இது சரிப்படும்.

மருந்து கண்டுபிடிக்கும் பக்கம் போவதற்கு வேதியியலோ மருந்தியலோ வேண்டும். விலங்கியலில் இருந்து நேராகத் தாவுவது சிரமம். நோயறியும் பரிசோதனைப் பக்கம் சீக்கிரம் சம்பளம் வரும். பி.சி.ஆர்., எலைசா போன்ற நோய்க்கிருமிப் பரிசோதனைகள் கையில் பழகிய எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் பிள்ளைகளைத் தனியார் லேப்களும் எடுத்துக்கொள்கின்றன. வீட்டில் உடனே பணம் தேவை என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

இப்போது பணக் கணக்கு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. இரண்டு வருடம் கழித்து 42,000. பி.எச்டி. முடிக்க ஐந்து வருடமாவது ஆகும். அதன்பிறகும் முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். (கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், ஐயா.)

ஜே.ஆர்.எஃப். வரவில்லை என்றாலும் படிப்பு வீணில்லை. மாநகராட்சிகளிலும் சுகாதாரத் துறையிலும் பூச்சியியல் வல்லுநர் பணியிடங்கள் உண்டு. என்ன, அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். அதனால் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கும்போதே பி.எட்.டுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கட்டும்.